நூலுரிமையும் நூலிருப்பும்: செட்டிநாட்டிலிருந்து ஒரு பார்வை

செட்டிநாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மாளிகை முகப்பில் தொடங்கி, ஆத்தங்குடித் தளக்கற்களின்மேல் நடந்து, சமையற்கட்டில் முடித்துவிடுகின்றனர். அவ்வழியில் நாம் போகப்போவதில்லை. காரைக்குடியையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் நூல்களின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று கல்வியுலகில் 'திறந்த கல்வி வளங்கள்' என்று பேசப்படும் கருத்தின் இரு பெரும் சிக்கல்கள், அப்பெயர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இப்பகுதி மனிதர்களின் வாழ்வில் வேறு உருவில் எழுந்தன. நூல் யாருடையது என்பது ஒன்று. நூல் எங்கே இருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது தீர்ந்தால் இரண்டாவது தானே தீர்ந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பெயரை முதலில் விளக்கிவிடுவது நல்லது. 2001இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் பாடங்களை எவரும் படிக்கும்படி இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு சூலையில் பாரிசில் யுனெஸ்கோ கூட்டிய அமர்வில் 'திறந்த கல்வி வளங்கள்' என்னும் தொடர் வழக்குக்கு வந்தது. 2019இல் யுனெஸ்கோ பொதுமாநாடு இதனை உறுப்பு நாடுகளுக்கான பரிந்துரையாகவே ஏற்றுக்கொண்டது. 'திறந்த' என்பதை 'இலவசமான' என்று பொருள்கொள்வோர் பலர். விலையின்றிப் படிக்கக் கிடைப்பது முதற்படி மட்டுமே. படியெடுத்து வைத்துக்கொள்ளவும், மாணவர்க்கேற்பத் திருத்தவும், மொழிபெயர்க்கவும், வேறொன்றுடன் சேர்த்துத் தொகுக்கவும், அவ்வாறு செய்ததைப் பிறர்க்கு வழங்கவும் முன்கூட்டியே இசைவு தரப்பட்டிருந்தால்தான் அது திறந்த வளம். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், திண்ணையில் உட்கார இடம் கொடுப்பது வேறு. வளவுக்குள் அழைத்து அடுக்களைச் சாவியையும் கையில் கொடுப்பது வேறு.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் இப்படி ஒரு வரையறைக்குத் தேவை இருந்ததில்லை. ஆசிரியர் சொல்ல மாணவன் தன் ஏட்டில் எழுதிக்கொள்வதே நூல் பரவிய முறை. படியெடுப்பது குற்றமாக இல்லாததோடு, கற்றலின் ஓர் அங்கமாகவே இருந்தது. சுவடி வைத்திருந்தோர் அதைக் காட்ட மறுத்த கதைகள் ஏராளம் உண்டுதான். ஆனால் அவர்கள் மறுத்தது பொருளைத் தரத்தான். படியெடுக்கும் உரிமை தமக்கே என்று எவரும் வழக்காடியதில்லை. உரிமை பற்றிய வழக்கு அச்சு இயந்திரத்தோடு வந்தது. இசைத்தட்டும் திரைப்படமும் வந்தபின் அது முற்றியது. தமிழில் அவ்வழக்கின் உச்சம் பாரதியின் பாடல்களை முன்னிட்டு எழுந்தது. அதன் ஒரு முனை காரைக்குடியில் இருந்தது.

பாரதிக்கும் இவ்வூருக்குமான தொடர்பு 1919இலேயே ஏற்பட்டுவிட்டது. புதுவையிலிருந்து வெளியேறிக் கடையத்தில் வறுமையோடு வாழ்ந்துகொண்டிருந்த கவிஞர், அவ்வாண்டு கானாடுகாத்தானுக்கு வந்து வை.சு. சண்முகம் செட்டியாரின் இல்லத்தில் தங்கினார். 1917இல் தொடங்கப்பட்ட காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் வந்தார். பாரதியின் உருவத்தை நமக்குக் காட்டும் மிகச் சில புகைப்படங்களுள் இரண்டு அப்போது காரைக்குடியில் எடுக்கப்பட்டவை. மறு ஆண்டு அவர் தம் நூல்கள் நாற்பதையும் பதிப்பிக்க ஒரு பெருந்திட்டம் வகுத்துப் பொருளுதவி வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். ஒவ்வொரு நூலிலும் பத்தாயிரம் படி, சிறிய விலை, வீட்டுக்கு அன்றாடம் வாங்கும் சில்லறைப் பொருளைப்போல மக்கள் வாங்கிச்செல்ல வேண்டும் என்பது கனவு. பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அதன்பின் நூல்களின் உரிமை குடும்பத்தாரிடமிருந்து அவருடைய தம்பி சி. விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயத்துக்குச் சென்றது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியே பிரிந்து ஒரு நகை வணிக நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஒரு கவிஞனின் சொல்லும் அச்சொல்லின் ஒலியும் இரு வேறு உடைமைகளாகப் பிரியக்கூடும் என்பதைத் தமிழுலகம் அப்போதுதான் கண்டது. ஒலியின் உரிமையை 1940களில் விலைகொடுத்து வாங்கியவர் காரைக்குடிக்காரரான ஏவி. மெய்யப்பன். இசைத்தட்டு வணிகத்தில் தொடங்கித் திரைப்படத்துக்கு வந்தவர் அவர். காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் அவர் அமைத்த படப்பிடிப்புக் கூடத்தில் உருவாகி 1947 சனவரியில் வெளிவந்த 'நாம் இருவர்', டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்களைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டுசேர்த்தது. நாடு விடுதலை பெறும் முன்னரே விடுதலையைக் கொண்டாடிய அப்பாடல்களை எழுத்தறியாதவர்களும் மனப்பாடமாகப் பாடினர். இது மறுக்கமுடியாத தொண்டு.

ஆனால் அதே உரிமை அடுத்தவருக்குச் சுவராகவும் நின்றது. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்றைப் பயன்படுத்தியபோது, உரிமை தம்முடையது என்று மெய்யப்பன் தரப்பு வழக்குக்குச் சென்றது. சட்டப்படி அதில் தவறில்லை. விலைகொடுத்து வாங்கியவர் காப்பாற்றத்தான் செய்வார். எனினும், தேசத்துக்காகப் பாடியவனின் பாட்டை மேடையில் பாட ஒருவரிடம் இசைவு கேட்பதா என்ற கேள்வி எழுத்தாளர்களிடையே கொழுந்துவிட்டது. நாரண. துரைக்கண்ணன் போன்றோர் 'பாரதி விடுதலைக் கழகம்' என்ற பெயரிலேயே இயங்கினர். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு உரிமையைத் தன்வசம் ஆக்கிக்கொண்டது. செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலைக்கு 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் எதுவும் பெறாமல் விட்டுக்கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியை ஒரு வள்ளலின் கதையாகச் சொல்வாரும் உண்டு. ஒரு வணிகரைப் பணியவைத்த மக்கள் இயக்கத்தின் கதையாகச் சொல்வாரும் உண்டு. இரண்டும் சேர்ந்ததே உண்மை என்பது நம் கருத்து. இயக்கம் எழாதிருந்தால் விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை வந்திராது. விட்டுக்கொடுக்க மனம் இல்லாதிருந்தால் அது நீண்ட வழக்காகியிருக்கும். இவ்வரலாற்றை விரிவாக அறிய விரும்புவோர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுகளைப் படிக்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1949இல் உரிமை அரசுக்கு வந்ததேயன்றி மக்களுக்கு வந்துவிடவில்லை. அரசுடைமை வேறு, பொதுவுடைமை வேறு. 1955இல்தான் பாரதி நூல்களை எவரும் அச்சிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. விளைவு உடனே தெரிந்தது. 1957இல் சக்தி காரியாலயத்தின் வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகள் முழுவதையும் ஒரே தொகுதியாக ஒன்றரை ரூபாய்க்குக் கொண்டுவந்தார். கோவிந்தன் பிறந்தது இராயவரம். அதுவும் நகரத்தார் ஊர். கவிஞன் 1920இல் சுற்றறிக்கையில் கண்ட கனவு, அவன் மறைந்து 36 ஆண்டுகள் கழித்து, அவன் கேட்டுச் சென்ற மண்ணிலிருந்து புறப்பட்ட ஒரு பதிப்பாளனால் நிறைவேறிற்று. இடையில் நின்றது காகிதமோ பணமோ மட்டுமன்று; இசைவும்தான். இன்று திறந்த கல்வி வளங்களுக்கு உரிமக் குறிப்பு ஏன் வேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நாம் சொல்லும் விளக்கம் இந்த ஒன்றரை ரூபாய்ப் பதிப்புத்தான்.

பாரதிக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளைத் தமிழ்நாட்டரசு குடும்பத்தாருக்குத் தொகை வழங்கி நாட்டுடைமை ஆக்கியுள்ளது. உலகில் வேறெங்கும் இத்தகைய வழக்கம் இவ்வளவு விரிவாக இருப்பதாகத் தெரியவில்லை. அதைக் குறித்து நாம் பெருமைகொள்வதில் பிழையில்லை. ஆனால் நாட்டுடைமை ஆனவற்றுள் எத்தனை நூல்கள் ஒரு சிற்றூர்க் கல்லூரி மாணவனின் கைக்கு எட்டின? உரிமை இருக்கிறது, நூல் இல்லை. மறுபதிப்பு காணாத நூலுக்கு விடுதலை கிடைத்தென்ன, கிடைக்காவிட்டால்தான் என்ன? இங்குதான் நம் இரண்டாவது சிக்கல் வருகிறது. அதற்கான மனிதரும் காரைக்குடியிலிருந்து சில கல் தொலைவில் உள்ள கோட்டையூரில் வாழ்ந்தவர்.

கோட்டையூர் என்றால் கல்வியாளர்களுக்கு முதலில் நினைவு வருவது வள்ளல் அழகப்பர். 1909இல் அவ்வூரில் பிறந்து, 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, மின்வேதியியல் ஆய்வகம் இங்கு அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தவர். ரோஜா முத்தையா அதே ஊர்க்காரர் என்றாலும் அத்தகைய செல்வர் அல்லர். சென்னையில் விளம்பரப் பலகைகளுக்கு எழுத்து எழுதிய ஓவியர். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் சுற்றத் தொடங்கி, 1950களிலிருந்து தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்துக்கொண்டேயிருந்தார். நூல்கள் மட்டுமா? பத்திரிகைகள், நாடக அறிவிப்புகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள், காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற குஜிலிப் பாட்டு நூல்கள் என்று ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் கோட்டையூர் வீட்டில் குவிந்தன. நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கியதையே அவர் தேடித் தேடி எடுத்தார். பிற்கால ஆய்வாளர்கள் தமிழ் நாடகத்தையும் வெகுசனப் பாடலையும் பெண்கள் இதழ்களையும் பற்றி எழுத முடிந்ததற்கு இந்த ஒதுக்கப்பட்ட தாள்கள் பெரிதும் காரணம். வெளிநாட்டு ஆய்வாளர்களும் கோட்டையூருக்கு வழி கேட்டு வந்தனர்.

1992இல் முத்தையா மறைந்தார். அச்சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. மொழி அறக்கட்டளையின் துணையோடு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. தமிழரின் சொத்தை அமெரிக்கர் வாங்குவதா என்று வருந்தியோர் உண்டு. வருத்தம் இயல்பானது. ஆயினும் மூலங்கள் அமெரிக்காவுக்குப் போகவில்லை. தமிழ் மண்ணிலேயே இருந்தன. நுண்படமாக எடுக்கப்பட்டன; முறையான அட்டவணை எழுதப்பட்டது. ஒரு நூல் இருப்பது எத்துணை முதன்மையானதோ, அது இருக்கிறது என்று பிறர் அறியும்படி எழுதிவைப்பதும் அத்துணை முதன்மையானது. சேர்த்த மனிதரின் நினைவில் மட்டும் இருந்த வழிகாட்டி, அட்டவணையாக மாறிய அன்றுதான் அந்தச் சேகரம் உலகுக்குத் திறந்தது எனலாம். (அட்டவணை எழுதுபவரை நம் கல்வியுலகம் இன்றும் குமாத்தாவாகவே கருதுகிறது என்பது வேறு கதை.)

கோட்டையூரிலிருந்த தாள்களைப் பார்க்கக் காரைக்குடி மாணவன் இன்று ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னைத் தரமணிக்குப் போகவேண்டும். இது நூலகத்தின் குறையன்று. பொருள் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஓரிடத்துப் பொருளைப் பல இடத்ததாக ஆக்கும் வழி மின்னுருவாக்கம். அத்துறையில் தமிழர்கள் முந்திக்கொண்டவர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று நடத்த, ஊதியம் வாங்காத தன்னார்வலர்களால் தட்டெழுதப்பட்டு வளர்ந்தது. 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், பாடங்களையும் நூல்களையும் வைத்தது. 2017இல் அதன் மின்னூலகம் விரிவாக வந்தது. நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை 2015ஐ ஒட்டித் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து, தன்னார்வலர்களால் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கப்பட்டு வருகின்றன. இவற்றோடு ஈழத்தமிழர்களின் நூலகம் திட்டத்தையும் சேர்க்கவேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதைக் கண்ட மக்கள், 2005இல் அதனைத் தொடங்கினர். ஒரே ஒரு படி மட்டும் இருக்கும் நூலுக்கு என்ன நேரும் என்பதை நம்மினும் அவர்கள் நன்கறிவர்.

தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் இவற்றைப் பற்றி ஒரு சொல். மதுரைத் திட்டப் பாடங்கள் தேடுவதற்கு எளியவை. ஆனால் சிலவற்றில் எந்தப் பதிப்பைத் தழுவியது என்ற குறிப்புப் போதாது. ஒரு சொல்லின் பாடபேதம் குறித்து ஆய்வேடு எழுதும் மாணவர் அதனை மட்டும் நம்பலாகாது. விக்கிமூலத்தில் அச்சுப்பக்கத்தின் படமும் தட்டெழுத்தும் அருகருகே இருப்பதால் ஐயம் வந்தால் உடனே ஒப்பிடலாம். பதிப்புக்கலை அறிந்தோர்க்கு இதுவே உவப்பானது.

தேடிக் கண்டதை எடுத்தாளலாமா என்பது அடுத்த கேள்வி. இணையத்தில் கிடைப்பதெல்லாம் திறந்தது அன்று. எவரோ ஒளிவருடிப் போட்ட நூல், கிடைக்கிறது என்பதால் மட்டும் நம்முடையது ஆகிவிடாது. இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. முன்பு அது 50 ஆண்டாக இருந்தது. தாகூரின் எழுத்துகள் 1991 முடிவில் பொதுவுக்கு வரவிருந்த வேளையில் பத்து ஆண்டு கூட்டப்பட்டது. அந்த ஒரு மாற்றத்தால் 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையரின் எழுத்துகள் 1993க்குப் பதில் 2003இல்தான் பொதுவாயின. சங்கப்பாடல் எவருடையதும் அன்று. ஆனால் அதற்கு அண்மைக்காலத்தவர் எழுதிய உரை அவருடையது. எங்கள் பகுதிச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் மறைந்தது 1981இல். உரிமையாளர் முன்னதாக விட்டாலன்றி அவர் எழுத்துகள் 2042இல்தான் பொதுவுக்கு வரும். உரிமை வைத்திருக்கும் குடும்பங்களை நாம் குறைசொல்லவில்லை. எழுத்தாளன் விட்டுச்சென்ற ஒரே சொத்தாக அது இருக்கலாம். நம் கவலை, உரிமையாளர் யாரென்றே தெரியாமல் மறுபதிப்பும் காணாமல் அழியும் நூல்களைப் பற்றியது. 60 ஆண்டு காத்திருக்கக் காகிதத்துக்கு ஆயுள் இல்லை.

வகுப்பறைக்குச் சட்டம் ஓரளவு இடம் கொடுத்திருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளை ஒளிநகல் எடுத்துக்கொடுத்த கடைமீது மூன்று பெரும் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கை 2016இல் தில்லி உயர்நீதிமன்றத்தின் தனிநீதிபதி தள்ளுபடி செய்தார். ஆயினும் விலக்கை நம்பி வாழ்வதைவிட, இசைவோடு வரும் பாடங்களைப் பெருக்குவது மேல். அந்தப் பெருக்கம் எங்களைப் போன்றோரிடமிருந்தே வரவேண்டும். எந்தக் கல்லூரித் தமிழ்த்துறையை எடுத்தாலும், யாப்புக்கும் இலக்கணத்துக்கும் இலக்கிய வரலாற்றுக்கும் ஆண்டுக்கணக்கில் செப்பம்செய்த குறிப்பேடுகள் ஆசிரியர்களின் மேசை இழுப்பறைகளில் உறங்குகின்றன. ஆசிரியர் ஓய்வுபெறும்போது அவையும் ஓய்வுபெறுகின்றன. பெயரைச் சுட்டி எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதை இதே முறையில் பகிர வேண்டும் என்று ஒரு வரி முகப்பில் எழுதினால் போதும். 2002 முதல் வழங்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இந்த ஒரு வரியைத்தான் சட்டமொழியில் எழுதிவைத்திருக்கின்றன. வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. பிறர் தம் பெயரில் போட்டுக்கொள்வார்களே என்று நண்பர்கள் அஞ்சுவதுண்டு. இழுப்பறையில் இருக்கும்போதும் ஒளிநகலாக வெளியேறி அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாளும் பெயரும் இட்டு வெளிப்படையாக வைத்த குறிப்பேட்டைத் தனதென்று சொல்வதுதான் கடினம்.

இறுதியாக, இங்குள்ளோர்க்கு மட்டும் ஒரு செய்தி. செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது தூணும் நிலையும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அவற்றுக்கு விலை உண்டு. பரணில் கிடக்கும் பர்மாக் கடிதக்கட்டு, மலேயாக் கணக்கேடு, திருமண வாழ்த்துமடல், ஊர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை ஆகியன எடைக்கு எடை பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அப்படி ஒரு கட்டு உங்கள் கைக்கு வந்தால், முதலில் வரிசையைக் கலைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் தரையில் விரித்து, நேர்மேலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படமெடுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் எடுங்கள். எந்த ஊர், எந்த வீடு, எந்த ஆண்டு என்பதைத் தனித்தாளில் எழுதி அதையும் முதற்படமாக வையுங்கள். அச்சிட்ட அறிக்கையும் அழைப்பிதழும் ஆசிரியர் பெயர் இல்லாதவையாயின் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்கு; அதைக் கடந்தவற்றை இந்தியச் சட்டப்படி வெளியிடலாம். கடிதங்கள் அப்படியல்ல, எழுதியவரின் வழித்தோன்றல்களிடம் எழுத்தில் இசைவு வாங்கியபின்னரே வெளியிட வேண்டும். மூலத்தை வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் ஏதேனும் ஓர் ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப்பாருங்கள். வீடு பிரிப்பவர்கள் பெரும்பாலும் பரணைத்தான் முதலில் காலிசெய்கிறார்கள். ஆகவே விலைபேசும் அன்றே போய்க் கேட்பது நல்லது.